கை ஆடினால் ஆடட்டும்

நல்லூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஏர் பிஸ்டல் பழகுகிறாய் என்று உன் அப்பா சொன்னான். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குத் துப்பாக்கி?" என்றாள் அத்தை. நம்ம கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதைச் சொன்னேன், வாயை மூடிக்கொண்டாள். அவர் சுடுவது ரைஃபிள் என்பதை நான் சொல்லவில்லை.

கை ஆடுகிறது என்று புலம்பினாயாமே? ஏறக்குறைய ஒரு கிலோவை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்தால் ஆடத்தான் செய்யும். ஒலிம்பிக்காரர்களுக்கும் ஆடும். ஆயுதப்படையில் எத்தனையோ பிள்ளைகளைப் பழக்கியவன் சொல்கிறேன், அந்த ஆட்டத்தோடு சண்டை போடாதே.

கணக்கைப் பார். 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். கை மொத்தமும் 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் அவ்வளவுதான் நகரும், பத்து தப்பாது. குறிபார்க்கும் முன் சைட்டும் பின் சைட்டும் தங்களுக்குள் 1 மில்லிமீட்டர் பிசகினால் கதையே வேறு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 33 சென்டிமீட்டர்தான். இலக்கைத் தொடுவதற்குள் பிசகு முப்பது மடங்காகும். 3 சென்டிமீட்டர் தள்ளி ஏழில் போய் விழும். ஆகவே கண் முன் சைட்டிலேயே இருக்கட்டும். அதன் இரண்டு பக்கமும் வெளிச்சம் சமமாகத் தெரிகிறதா, இரண்டு சைட்டின் தலைமட்டமும் ஒன்றாக இருக்கிறதா, அதை மட்டும் பார். இலக்கின் கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் நீ சரியாகப் பார்க்கிறாய் என்று அர்த்தம்.

அந்தப் பிசகைக் கொண்டுவருவது பெரும்பாலும் விரல்தான். பத்து தெரிந்ததும் வெடுக்கென்று இழுப்பது எல்லாப் புதியவர்களுக்கும் உள்ள நோய். நம்ம விருத்தாசலம் செராமிக் பட்டறையில் அச்சிலிருந்து ஈரப் பொம்மையைப் பிரிப்பார்களே, அந்தப் பொறுமை விரலுக்கு வேண்டும். போட்டி விதிப்படி டிரிகர் 500 கிராமாவது தாங்க வேண்டும்; அந்த அழுத்தத்தை நேராகப் பின்னோக்கி, மெல்லக் கூட்டிக்கொண்டே போ. குண்டு எப்போது கிளம்பும் என்று உனக்கே தெரியக் கூடாது. ஏழெட்டு நொடிக்குள் கிளம்பவில்லையா, கையை இறக்கிவிடு. இறக்குவதில் வெட்கமே வேண்டாம். 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள்.

நிற்பதைக் கோச் சொல்லித் தருவார். ஒன்று மட்டும்: கண்ணை மூடிக் கையை உயர்த்தி, திறந்து பார். குழல் பக்கவாட்டில் விலகியிருந்தால் கையை வளைக்காதே, காலை நகர்த்து.

குண்டில்லாமல் டிரிகரை மட்டும் அழுத்திப் பழகு, தினமும். அப்போதும் குழல் இலக்குப் பக்கம்தான். சுடும் நேரம் தவிர விரல் வெளியேதான். காலி என்று நீ கண்ணால் பார்க்காத துப்பாக்கி எதுவும் காலி இல்லை.

பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கருக்கு 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டி நடுவே துப்பாக்கி பழுதானது. இறுதிச் சுற்றே கிடைக்கவில்லை. 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம். ஆகவே முதல் மாத ஸ்கோருக்கு அழாதே. சொந்தமாகத் துப்பாக்கி வாங்கவும் இப்போது அவசரம் இல்லை, கிளப் துப்பாக்கி போதும்.

தீபாவளிக்கு வரும்போது நீ சுட்ட அட்டைகளைக் கொண்டு வா. கூட்டிப் பார்க்க அல்ல. ஓட்டைகள் எந்தப் பக்கம் சேர்ந்திருக்கின்றன என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா