பழைய சிறு மோட்டாரில் நேரும் பழுதுகளும் அவற்றின் பரிகாரமும்

பம்பாய்க் குர்லாவில் 1964 முதல் பியட் 1100 டிலைட் என்னும் சிறு மோட்டார் செய்யப்பட்டது. 1974இல் அது பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. நான்கு ஸிலிண்டர்களும் 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய இவ்வண்டி செய்யப்படுவது நின்று பல்லாண்டுகள் ஆயினும், பேணி வைத்திருப்போர் இன்றும் உளர். வண்டி வழியில் நின்றால் மனம் போனபடி திருகுகளைக் கழற்றுதல் கூடாது. பாட்டரியின் வலு, தீப்பொறி, பெட்ரோல், குளிர்ச்சி ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகப் பரீக்ஷிக்க வேண்டும்.

1. யந்திரம் சுழலாமை: பாட்டரி முனைகளில் வெண்மையான அல்லது பச்சையான பூப்பு உள்ளதா என்று பார்க்க. வண்டியின் உடலோடு சேர்ந்த கம்பியை முதலில் கழற்றி, சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் முனைகளைத் துடைத்து, உலர்த்தி, அக்கம்பியைக் கடைசியாக மாட்டுக.

2. சுழன்றும் பற்றாமை: பிளக்கைக் கழற்றி அதன் கம்பியிலேயே மாட்டி, யந்திரத்தின் இரும்பில் படும்படி வைத்துச் சுழற்றுக. சிந்திய பெட்ரோல் அருகில் இருத்தல் ஆகாது. பிளக்கைக் கையால் தொடுதலும் ஆகாது. நீலப் பொறி வலுவாகத் தோன்றினால் குறை பெரும்பாலும் பெட்ரோலில் உள்ளது. பொறி மங்கினால் டிஸ்டிரிபியூட்டரிலுள்ள பாயிண்டுகளைத் துடைத்து இடைவெளியைச் சரிசெய்க. பிளக்கின் முனை இளம் பழுப்பாயிருப்பது நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. சோக்கையும் காற்று வடிகட்டியையும் நோக்குக. எண்ணெய்ப் பசையிருந்தால் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம்.

3. வெயிலில் நிற்றல்: சித்திரை நண்பகலில் உசிலம்பட்டி கடந்து ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது வண்டி திணறி நிற்கக்கூடும். பெட்ரோல் பம்பு யந்திரத்தோடு ஒட்டியிருப்பதால் உஷ்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிறது. ஆவியைப் பம்பு தள்ளமாட்டாது. நின்றவுடனே பொறியைச் சோதிக்க. பொறி இருந்தால் காரணம் ஆவியே. பம்பின்மேல் ஈரத் துணியிட்டுக் கால்மணி நேரம் ஆறவிடுக. பொறி இல்லையேல் கண்டென்ஸரையோ காயிலையோ ஐயுறுக. இவை சூட்டில் செயலற்று, ஆறியபின் மீண்டும் வேலை செய்வதுண்டு.

4. மிகுசூடு: கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் உயிருக்கே ஆபத்து, பீறிடும் நீர் முகத்தை வேகவைத்துவிடும். ஆறும்வரை பொறுத்திருக்க. சூடான யந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கும். உப்புக் கலந்த ஆழ்கிணற்று நீரை ஊற்றுவதால் குழாய்களில் சுண்ணம் படிகிறது. காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சேர்த்து ஊற்றுவதே சிறப்பு. எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. ஹெட் காஸ்கெட் பழுதாயிருக்கலாம். அந்நிலையில் வண்டியை ஓட்டுதல் கூடாது.

5. பெட்ரோல் கசிவு: இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களும் பம்பின் சவ்வும் இதனால் உப்பியும் வெடித்தும் போகும். சூடான யந்திரத்தின்மேல் ஒழுகும் துளி வண்டியையே எரித்துவிடும் ஆதலின், பெட்ரோல் வாசனை வந்தால் உடனே நிறுத்தி, எத்தனாலுக்கு ஏற்ற புதுக் குழாய்களை இடுக.

பிரேக் மிதி தரைவரை அமிழுமாயின் மேற்கூறிய சோதனைகளுக்கு இடமே இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே கடமை. ஓடாத வண்டியால் ஒருநாள் வேலை கெடும். நில்லாத வண்டியால் குடும்பமே கெடும்.