வெளிநாட்டு ஹெலிகாப்டர் வாங்குகிறீர்களா? 14 பயனுள்ள குறிப்புகள்

கார் வாங்கினால் வரியையும் பதிவுக் கட்டணத்தையும் ஷோரூமிலேயே சேர்த்து பில் போட்டுவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து ஹெலிகாப்டர் வாங்கினால் அந்த வேலை முழுவதும் நம் தலையில். இறக்குமதிக் காகிதங்களைப் பார்ப்பதே என் தொழில். கோடிக்கணக்கில் பணம் கட்டியவர்கள்கூட ஒரே ஒரு சான்றிதழ் இல்லாமல் கார்கோ வளாகத்தில் வாரக்கணக்கில் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாடலும் விலையும் அதற்குப் பிறகுதான். சொந்தப் பயன்பாட்டு ஹெலிகாப்டருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். வாடகைக்கு விடுவது போன்ற மற்றப் பயன்பாட்டுக்கு 5 சதவீதம். இறக்குமதியில் இதே விகிதம் ஐஜிஎஸ்டியாக (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) வரும். அடிப்படைச் சுங்க வரியையும் சேர்த்த மதிப்பு 4 கோடி ரூபாய் என்று வையுங்கள். முதல் வகையில் ஐஜிஎஸ்டி 1 கோடியே 60 லட்சம். இரண்டாவதில் 20 லட்சம்.

2. இந்த வித்தியாசத்தைப் பார்த்து, வாடகைக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குடும்பப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எழுதிக் கொடுத்த உறுதிமொழியை மீறினால் விட்டுக் கொடுத்த வரியைக் கேட்பார்கள். வட்டியும் அபராதமும் கூடவே வரும். வாடகைச் சேவை நடத்துவோருக்கு 2007-ல் வந்த சுங்கச் சலுகையை யார் யாருக்குத் தரலாம் என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2022-ல் சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெரிய அமர்வு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. வாடகைச் சேவை உண்மையான நோக்கம் என்றால் அதற்கான பெர்மிட்டை டிஜிசிஏ என்னும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் முறையாக வாங்குங்கள். இல்லையென்றால் சொந்தப் பயன்பாடு என்றே எழுதுங்கள்.

3. எரிபொருள் எங்கே கிடைக்கும் என்று பார்த்து மாடலைத் தேர்ந்தெடுங்கள். ராபின்சன் ஆர்44 பிஸ்டன் எஞ்சின். அதற்கு ஏவ்கேஸ் என்னும் விமானப் பெட்ரோல் வேண்டும். அது எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது. ராபின்சன் ஆர்66, பெல் 407, ஏர்பஸ் எச்125 ஆகியவை டர்பைன் எஞ்சின். பெரிய விமானங்களுக்குப் போடும் ஏடிஎஃப் எரிபொருளிலேயே ஓடும்.

4. பழைய ஹெலிகாப்டர் என்றால் பெயின்டைப் பார்க்காமல் லாக் புக்கைப் பாருங்கள். ஆர்44-ஐ 2,200 மணி நேரம் பறந்ததும் அல்லது 12 ஆண்டு முடிந்ததும், எது முதலில் வருகிறதோ அப்போது, முழுமையாகப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும். ஒருமுறை ஒரு லாக் புக்கைப் புரட்டினேன். பறந்தது 700 மணி நேரம்தான். வாங்க வந்தவருக்கு ஏக மகிழ்ச்சி. முதல் பக்கத்தில் இருந்த தயாரிப்புத் தேதியைக் கணக்குப் போட்டால் 11 ஆண்டு முடிந்திருந்தது. ஒரு வருடத்தில் ஓவர்ஹாலுக்குப் பெருந்தொகை எடுத்து வைக்க வேண்டும். "மலிவு" என்று விற்றவர் சொன்னதன் காரணம் அந்த ஒரு தேதிதான்.

5. வாங்க நினைக்கும் மாடலின் வடிவமைப்புச் சான்றான டைப் சர்டிஃபிகேட்டை டிஜிசிஏ ஏற்றிருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். வெளிநாட்டில் தாராளமாகப் பறக்கிறது என்பது இங்கே பறக்கப் போதுமான தகுதி ஆகாது.

6. நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பதுபோல் இதற்கும் பாருங்கள். அமெரிக்க ஹெலிகாப்டர்களின் உரிமையும் கடனும் ஒக்லஹோமா சிட்டியில் உள்ள அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் (எஃப்ஏஏ) பதிவகத்தில் இருக்கும். விமானக் கடன் உரிமைகளுக்கான கேப் டவுன் உடன்படிக்கையின்கீழ் வரும் கடன்கள் டப்ளின் நகரில் உள்ள சர்வதேசப் பதிவகத்தில் இருக்கும். ஆனால் விமானியோடு சேர்த்து 5 பேராவது ஏறக்கூடிய ஹெலிகாப்டர்தான் பொதுவாக அந்த உடன்படிக்கைக்குள் வரும். நான்கே இருக்கை கொண்ட ஆர்44-க்கு டப்ளினில் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் கடன் இல்லை என்று அர்த்தமில்லை.

7. முதலில் அனுமதி, அப்புறம் பணம். இறக்குமதிக்கான அனுமதி கைக்கு வராமல் முழுத் தொகையை அனுப்பாதீர்கள். அனுப்பிய டாலருக்குப் பொருள் வந்து சேர்ந்ததா என்று வங்கி கேட்கும்; சுங்கத் துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரிதான் அதற்குப் பதில். வங்கி மேலாளரிடம் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.

8. பான் எண்ணோடு இணைந்த ஐஇசி என்னும் இறக்குமதியாளர் எண்ணை எடுத்து வையுங்கள். கஸ்டம்ஸ் புரோக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது, "இதற்கு முன் விமானமோ ஹெலிகாப்டரோ கிளியர் செய்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள்.

9. மதிப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள். சுங்க மதிப்பு என்பது வாங்கிய விலையோடு சரக்குக் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்ந்தது. பழையதாக இருந்தால் மதிப்பீட்டுக்குச் சார்ட்டர்ட் எஞ்சினியர் சான்றிதழ் கேட்பார்கள். தனியாக வரும் உதிரி பாகங்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். டாலர் மதிப்பையும் வங்கி விகிதத்தில் போடக் கூடாது. சுங்கத் துறை அறிவித்த விகிதத்தில் போட வேண்டும்.

10. வகைப்பாட்டு எண்ணைச் சரிபாருங்கள். காலி எடை 2,000 கிலோ வரை என்றால் 8802 11. அதைத் தாண்டினால் 8802 12. வரி விகிதத்திலோ வகைப்பாட்டிலோ சந்தேகம் இருந்தால் டெல்லியிலும் மும்பையிலும் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் முன்கூட்டியே கேட்கலாம். ஹெலிகாப்டர் கிளம்பும் முன் கேட்டால்தான் பயன்.

11. பில் ஆஃப் என்ட்ரியைச் சரக்கு வருவதற்கு 30 நாள் முன்பிருந்தே தாக்கல் செய்யலாம். தாமதித்தால் முதல் 3 நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000 ரூபாய். வரி கட்டத் தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. கார்கோ வளாகத்தில் சரக்கு தங்குவதற்கான டெமரேஜ் கட்டணம் தனி. முன்கூட்டியே தாக்கல் செய்தாலும் சரக்கு வந்து சேரும் நாளின் வரி விகிதமே பொருந்தும். எனவே பட்ஜெட் நாளை ஒட்டி வரும்படி அனுப்பச் சொல்லாதீர்கள்.

12. பெட்டியைத் திறக்கும்போது அருகில் நில்லுங்கள். இறக்கைகளைக் கழற்றித் தனிப் பெட்டியில் அனுப்புவார்கள். சீல் உடைக்கும் முன், உடைத்த பின், இறக்கையின் ஓரம், வால் பகுதி என்று ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். விரல் நுனிக்குத் தட்டுப்படும் சிறு பள்ளமானாலும் அங்கேயே எழுதி வாங்குங்கள். திரும்பப் பூட்டி முடிக்கும் வரை செல்லும்படி இன்சூரன்ஸ் எடுங்கள். பூட்டும் வேலையை டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனம்தான் செய்ய வேண்டும்.

13. 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவாகியிருக்க முடியாது. பழைய நாட்டில் பதிவை நீக்கிய சான்றும், பறக்கும் தகுதிக்கான ஏற்றுமதிச் சான்றும் வந்தால்தான் இங்கே 'விடி' என்று தொடங்கும் எண்ணும் பறக்கும் தகுதிச் சான்றும் பெறும் வேலை நகரும். இந்த இரண்டையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே விற்பவரின் பொறுப்பாக எழுதுங்கள். ரேடியோ உரிமம் தனி. அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

14. கட்டிய ஐஜிஎஸ்டியைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று நம்பி இருக்காதீர்கள். பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்லும் தொழில், விமானிப் பயிற்சி, மறுவிற்பனை போன்றவற்றுக்குத்தான் அந்த வரவு உண்டு; சொந்தப் பயணத்துக்கு இல்லை. ஏடிஎஃப் ஜிஎஸ்டிக்குள் வராது. மாநில வாட் உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாதச் செலவைக் கணக்கிடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டிஜிசிஏ விண்ணப்பம், வங்கிக் கடிதம், பில் ஆஃப் என்ட்ரி, இன்சூரன்ஸ் ஆகிய நான்கிலும் உரிமையாளர் பெயரும் சீரியல் எண்ணும் பயன்பாடும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று, கையெழுத்துப் போடும் முன் நான்கையும் மேசையில் பரப்பி வைத்து நீங்களே ஒருமுறை படியுங்கள். இதற்கு ஒரு மணி நேரம்தான் ஆகும்.