பத்துமணிப் பூ: தண்ணீர் குறைந்தால் தப்பும், கூடினால் அழுகும்



பத்துமணிப் பூச்செடி இல்லாத லயம் குறைவு. பால்மா டின்னிலும் ஓட்டை வாளியிலும் வாசலோரத்துக் கற்களுக்கு இடையிலும் அதைக் காணலாம். சிவப்பு, மஞ்சள், ரோஸ், வெள்ளை என்று பல நிறம் உண்டு. கடைக்காரர்கள் சிலர் இதை டேபிள் ரோஸ் என்பார்கள். ஆனாலும் மழைக்காலம் முடிந்து பார்த்தால் பாதி வீடுகளில் வெறும் டின்தான் மிச்சம். ஏன் அப்படி ஆகிறது என்பதுதான் இந்தப் பாடம்.

கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா எங்களிடம் சொன்னது இது: "காலைல பெரட்டுக்குப் போறப்ப மொட்டா இருக்குங்க. அந்திக்கு வந்து பாத்தா சுருங்கிக் கெடக்கு. பூத்திச்சா இல்லியான்னே தெரியல. இன்னும் ஒரு வாளி தண்ணி சேத்து ஊத்தினா, நாங்க வர்ற வரைக்கும் பூத்து நிக்குமா?"

நிற்காது அக்கா. இந்தப் பூ வெயிலைப் பார்த்துத்தான் திறக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் விரியும், பின்னேரம் சுருங்கிவிடும். ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுசு. மறுநாள் விரிவது வேறு மொட்டு. மப்பும் மந்தாரமுமான நாளில் மொட்டு திறக்காமலே இருந்துவிடுவதும் உண்டு. பேர் பத்துமணிப் பூ என்றாலும், அது பார்ப்பது மணியை அல்ல, வெயிலை. மலை பக்கத்தில் இருந்து மதியச் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வர முடிந்தவர்கள் பார்த்துவிடலாம். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும்தான். தண்ணீர் ஊற்றி இதை மாற்ற முடியாது. அந்த இரண்டாவது வாளித் தண்ணீர்தான் செடியையே கொன்றுவிடும்.

அதற்குக் காரணம் இதன் பிறந்த இடம். பிரேசிலின் தென்பகுதி, உருகுவே, ஆர்ஜென்டினா ஆகிய தென்னமெரிக்க நாடுகளின் மணலும் கல்லுமான நிலத்தில் வளர்ந்த செடி இது. போர்ட்டுலாக்கா கிராண்டிஃப்ளோரா என்பது இதன் விஞ்ஞானப் பெயர். மழை எப்போது வரும் என்று தெரியாத நிலம் அது. ஆகவே செடி தன் தண்ணீரைத் தானே சேர்த்து வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறது. ஊசி போல உருண்டிருக்கும் இலையை நசுக்கிப் பாருங்கள், உள்ளே முழுக்க நீர். தண்டும் அப்படித்தான். வீட்டில் தண்ணீர் டேங்கி வைத்திருப்பவர் பீலிக்கு அடிக்கடி ஓடுவதில்லை அல்லவா?

வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, மண்ணுக்குள் காற்றும் வேண்டும். மண் எந்நேரமும் ஈரமாக இருந்தால் காற்று போகும் சந்துகளெல்லாம் தண்ணீரால் அடைபட்டு வேர் மூச்சு முட்டும். பிறகு பூஞ்சணம் பிடித்து அழுகும். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு கண்ணாடி போலவோ பழுப்பாகவோ மாறிக் குழைந்திருந்தால் அதுதான் அடையாளம். அப்போது இலையும் வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். பெரும்பாலான செடிகள் செத்துப்போவது இந்த இடத்தில்தான்.

ஊற்றுவதற்கு முன் விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் விட்டுவிடுங்கள். இலை கொழுகொழுவென்று இருந்தாலும் வேண்டாம். இலை கொஞ்சம் சுருங்கி மெத்தென்று ஆகி, மண்ணும் காய்ந்திருந்தால் மட்டும் அடியில் ஊற்றுங்கள். நல்ல வெயில் காலத்தில் டின்னில் உள்ள செடிக்கு இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு தடவை போதும். நிலத்தில் இருப்பதற்கு அதுவும் வேண்டியதில்லை.

இடம் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் பட வேண்டும். நிழலில் வைத்தால் தண்டு மட்டும் நீண்டு, பூ வராது. தகரக் கூரையின் தண்ணீர் வரிசையாக விழுகிற கோட்டில் ஒருபோதும் நடாதீர்கள். மழை விட்ட பிறகும் அங்கே சொட்டிக்கொண்டே இருக்கும். லயத்துக்கு முன்னால் ஓடும் கானுக்குள் செடி படர்ந்து தண்ணீரை மறிக்கவும் விடக்கூடாது. கான் அடைபட்டால் அடுத்த காம்பராவுக்குள் தண்ணீர் போகும், அதற்குப் பிறகு வரும் சண்டையைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

டின்னில் நடுகிறவர்கள் அடியில் ஆணியால் ஐந்தாறு ஓட்டை போட்டு, இரண்டு கல்லின் மேல் தூக்கி வையுங்கள். கீழே தட்டு வேண்டாம். தட்டில் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும். அடுத்தது மிக முக்கியம்: களைக்கொல்லி, பூச்சி மருந்து இருந்த கேனை வெட்டிப் பூச்சாடி ஆக்காதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. இன்றைக்குப் பூச்சாடி, நாளைக்குப் பிள்ளைகள் அதில் தண்ணீர் மொண்டு விளையாடும். மருந்து கேனின் இடம் ஸ்டோர், வாசல் அல்ல.

மண் கலப்பது சுலபம். சாதாரண மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய குப்பை உரம் ஒரு கை. களிமண்ணாக இருந்தால் மணலைக் கூட்டுங்கள். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். யூரியா போடாதீர்கள். இலையும் தண்டும் கொழுக்கும், பூ குறையும், அழுகலும் சீக்கிரம் வரும்.

தவறணையில் வேலை செய்தவர்களுக்குத் துண்டு நடுவது கைவந்த வேலை. ஆனால் தேயிலைத் துண்டின் பழக்கத்தை இங்கே காட்டக்கூடாது. தேயிலைத் துண்டை வெட்டியதும் வாடவிடாமல் தண்ணீரில் போடுகிறோம், பந்தலுக்குக் கீழே நிழலில் ஈரத்தோடு மாதக்கணக்கில் வைத்திருக்கிறோம். பத்துமணிக்கு எல்லாமே எதிர்மாறு. மூன்று, நான்கு அங்குல நுனியை ஒடித்து, கீழ்ப்பாதி இலைகளைக் கழற்றிவிட்டு, அரை நாள் நிழலில் சும்மா போட்டு வையுங்கள். ஒடித்த வாய் காய வேண்டும். காயாமல் நட்டால் அந்தக் காயத்தின் வழியாக அழுகல் ஏறும். பிறகு ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றி, லேசாகத் தண்ணீர் தெளித்து விடுங்கள். இரண்டு கிழமைக்குள் வேர் பிடிக்கும். குளிர் கூடிய தோட்டங்களில் இன்னும் சில நாள் பிந்தும். எட்டு அங்குல வாயுள்ள டின்னுக்கு நாலைந்து துண்டு போதும். நிலத்தில் அரை அடிக்கு ஒன்று.

எந்த மாதத்தில் நடுவது? இது தோட்டத்தைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி தொடக்கத்தில் நட்டால் ஏப்ரல் வரை நல்ல பூ பார்க்கலாம். பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். அங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்றுக் காலம்தான் இந்தச் செடிக்குக் கொண்டாட்டம். ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. மேற்குப் பக்கத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரையும்தான் நல்ல வாசம் ஏறும், ஏலத்தில் மதிப்பும் கூடும். அந்தக் காய்ந்த காலமே பத்துமணிக்கும் நல்ல காலம்.

நுவரெலியா உயரத்தில் உள்ளவர்கள் பூ குறைவு என்று மனம் நோக வேண்டாம். அங்கே குளிரும் மூடுபனியும் அதிகம், அது செடியின் குற்றமும் அல்ல, உங்கள் குற்றமும் அல்ல. ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் இரவுகளில் டின்னை இஸ்தோப்புக்குள் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் கருகிவிடும். அடைமழைக் காலத்தில் எந்தத் தோட்டத்திலும் இரண்டு டின்னையாவது தாழ்வாரத்துக்குள் தள்ளி வைத்தால் அடுத்த பருவத்துக்குத் துண்டு மிஞ்சும். அழுகத் தொடங்கிய செடியிலும் மேல்நுனி நன்றாக இருந்தால் அதை ஒடித்துக் காயவைத்து நடலாம்.

செடி நீண்டு நடுவில் மொட்டையாகிவிட்டால் கவ்வாத்து வெட்டுவதுபோல இரண்டு, மூன்று அங்குலம் விட்டு வெட்டுங்கள். கொஞ்சம் இலை மிச்சம் இருக்க வேண்டும். மறுபடி தழைத்துப் பூக்கும். மாப்பூச்சி வந்தால் சவர்க்காரத் தண்ணீர், நத்தை வந்தால் இரவில் கையால் பொறுக்குவது. வேறு மருந்து தேவையில்லை.

இனி ஒரு கடுமையான விஷயம். லயத்துக்குப் பின்னால் வெட்டிய மண்மேட்டில் இதைப் படரவிட்டால் மண் சரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிழை. இதன் வேர் மேல்மண்ணில் சில அங்குலம்தான் போகும். மழைத்துளி நேராக மண்ணில் அறைவதை ஓரளவு தடுக்கும், அவ்வளவே. மேல்மண்ணைப் பிடிக்க மானாப்புல்லும் வெட்டிவேரும் எவ்வளவோ மேல். ஆனால் மலையே இறங்கும்போது எந்தப் புல்லும் நிறுத்தாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. மேட்டில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சுவர் வெடித்துக் கதவு இறுகுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பூச்செடியை நம்பி இருக்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள்.

இந்தச் செடிக்கு நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொந்தக்காரி உண்டு: பருப்புக்கீரை. அகன்ற வழுவழுப்பான இலையும் சின்ன மஞ்சள் பூவுமாகத் தோட்ட ஓரங்களில் தானே முளைக்கும். பறிக்கும்போது தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது பருப்புக்கீரை அல்ல, வேறு செடி, தொடாதீர்கள். மருந்து அடித்த மலையோரத்தில் பறிக்கவும் வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இந்தக் கீரையை ஒதுக்குவது நல்லது. பத்துமணிப் பூச்செடியைக் கறிக்கு எடுக்காதீர்கள், அதைப் பார்த்தால் போதும்.

பார்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும். ஆகவே எங்கள் யோசனை, ஒரு டின் உங்கள் வாசலில் இருக்கட்டும், இன்னொன்றைப் பிள்ளை மடுவத்துக்குக் கொடுங்கள். பத்து மணிக்கு அங்கேதான் பிள்ளைகள் இருக்கிறார்கள். லயத்தில் பகலெல்லாம் தனியாக இருக்கும் தாத்தாவுக்கும் அம்மாயிக்கும் இஸ்தோப்பிலிருந்து தெரிகிற மாதிரி ஒன்று வையுங்கள். விதை எடுக்கும் வேலையையும் அவர்களிடமே விடலாம். பூ உதிர்ந்த பின் வரும் சின்னக் காய் பழுத்ததும், மேல்பாதி மூடி போலக் கழன்றுவிடும். உள்ளே மணலை விடச் சிறிய, ஈயம் போல மினுங்கும் விதைகள் இருக்கும். காற்றுக்குப் பறக்குமுன் கடதாசியில் தட்டி எடுத்துக் காயவையுங்கள். விதைக்கும்போது மண்ணின் மேல் தூவினால் போதும், மூடாதீர்கள். வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும்.

பிள்ளைகளுக்குக் காட்ட இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நன்றாக விரிந்த பூவின் நடுவில் மெல்லிய இழைகள் கூட்டமாக நிற்கும். ஒரு புல்லின் நுனியால் அவற்றை மெதுவாகத் தொட்டுவிட்டுக் கையை எடுங்கள். தொட்ட பக்கமாக இழைகள் தாமே சாய்ந்து வரும். வண்டு வந்து உட்கார்ந்தது என்று பூ நினைத்துக்கொள்கிறது போலும். வெயில் உள்ள ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் செய்து பாருங்கள்.