துணி உலர்த்தும் பொறி

அமெரிக்க நாட்டின் வடபகுதிகளில் குளிர்காலத்தே வெளியிற் கொடி கட்டித் துணி உலர்த்துதல் எளிதன்று. அங்குள்ள இல்லங்கள் பலவற்றில் இதற்கென மின்சாரப் பொறி உண்டு. அதனுள்ளே பெரியதோர் உருளை துணிகளோடு சுழலும். சூடேறிய கம்பிச்சுருளைக் கடந்து வரும் காற்று, ஈரத்தை வாங்கிக்கொண்டு குழாய் வழியே வெளியேறும்.

ஒருநாள் இப்பொறி அசைவற்று நின்றுவிட்டது என்று கொள்வோம். பொறி பாழாயிற்று என்று உடனே முடிவு செய்தல் கூடாது. மின்சாரம் வருகின்றதா என்பதே முதற் கேள்வி. அந்நாட்டில் வீட்டு விளக்குகளுக்கு 120 வோல்ட்டுப் போதும். இப்பொறிக்கோ 240 வோல்ட்டு வேண்டும். அதனால் மின்சாரம் ஏந்திய கம்பிகள் இரண்டு இதற்கு வருகின்றன. உருளையைச் சுழற்றும் மோட்டார் அவற்றுள் ஒன்றைக் கொண்டே இயங்கும். சுருள் சூடேற இரண்டும் வேண்டும். ஆகவே உருளை சுழன்றும் வெப்பம் இல்லையாயின், ஒரு கம்பியில் மின்சாரம் அற்றிருத்தல் கூடும். பொறி முற்றும் அடங்கிவிட்டதாயின், பலகையிலுள்ள பிரேக்கர் விழுந்துள்ளதா என நோக்குக. அதனை முழுவதும் அணைத்து, ஒருமுறை மீண்டும் ஏற்றிப் பார்க்கலாம். மறுபடியும் விழுமாயின் மின்பணியாளரை அழைத்தலே அறிவுடைமை. 240 வோல்ட்டு உயிரைக் குடிக்கும்.

மின்சாரம் வந்தும் பொறி அசையாவிடில், கதவு மூடியிருப்பதை உணர்த்தும் விசையை ஐயுறலாம். அடுத்து ஐயுறத்தக்கது வெப்ப உருகி. காற்று செல்லும் வழியில் அமைந்த இச்சிறு கருவி, வெப்பம் அளவு கடந்தால் தன்னையே அறுத்துக்கொள்ளும். பொறிகள் பலவற்றில் அவ்வளவில் மோட்டாரும் நின்றுவிடும். அறுந்த உருகி மீண்டும் பயன்படாது. புதியது இட வேண்டும். பொறியின் இணைப்பைப் பிடுங்கிய பின்னரே அதனைத் தொடலாம்.

சிலர் உருகியை நீக்கிவிட்டுக் கம்பிகளை நேரே முடிந்துவிடுவர். இது காவலனை வெளியே தள்ளிக் கதவைத் திறந்துவைப்பதை ஒக்கும். உருகி ஏன் அறுந்தது? பெரும்பாலும், துணியினின்று உதிர்ந்த பஞ்சு குழாயை அடைத்திருக்கும். வெளியேற இயலாத வெங்காற்று உள்ளேயே தங்கும். பஞ்சோ எளிதில் தீப்பற்றும். 2008 முதல் 2010 வரை அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,900 வீட்டுத் தீ விபத்துகள் உலர்த்தும் பொறிகளால் நேர்ந்தன என அரசின் தீயணைப்புத் துறை கணக்கிட்டுள்ளது. தூய்மை செய்யாமையே அவற்றுள் முதன்மையான காரணம்.

ஆதலின் புதிய உருகி இடுமுன் பொறியைச் சுவரினின்று நகர்த்திக் குழாயைக் கழற்றிப் பஞ்சை நீக்குக. நசுங்கிய குழாயை மாற்றுக. வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். பின்னர்ப் பொறியை ஓடவிட்டு வெளியே சென்று, சுவரிலுள்ள மூடி திறந்து வெங்காற்று வீசுகின்றதா என்று கையை நீட்டிப் பார்த்தல் வேண்டும்.