மேடுபள்ளம் கடக்கும் ஊர்திகள்

கற்களும் பள்ளங்களும் நிறைந்த மலைப்பாதையில் செல்லும் ஊர்திக்கு இரண்டு தேவைகள் உள்ளன. ஒன்று, அடிப்பகுதி கல்லில் இடிக்காத உயரம். மற்றொன்று, சக்கரங்கள் நிலத்தை விட்டு அகலாத பிடிப்பு.

ஊர்தியின் அடிப்பகுதிக்கும் நிலத்துக்கும் உள்ள தொலைவு 'தரை இடைவெளி' எனப்படும். 2020இல் வெளிவந்த புதிய மஹிந்திரா தார் ஊர்தியில் இது 226 மி.மீ.; 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி சுசூகி ஜிம்னியில் 210 மி.மீ. இவ்வெண்களை மட்டும் கண்டு தாரே சிறந்தது என முடிவு செய்தல் ஆகாது.

சக்கரங்களை ஊர்தியின் உடலோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பே சஸ்பென்ஷன். ஜிம்னியின் முன்னும் பின்னும், இருபுறச் சக்கரங்களை வளையாத ஒரே அச்சு இணைக்கிறது. ஒரு சக்கரம் கல்மீது ஏறினால், அச்சு சாய்ந்து மறுசக்கரத்தை நிலத்தோடு அழுத்துகிறது, பிடிப்பு நிலைக்கிறது. தாரில் பின்புறம் மட்டுமே அத்தகைய அச்சு உண்டு. முன்சக்கரங்கள் தனித்தனியே அசைகின்றன. ஒன்றின் குலுக்கல் மற்றதைத் தாக்காததால் சாலைப் பயணம் சீராகிறது.

உயரம் கூடினால் இடர் நீங்கும் என எண்ணுவோர் உளர். ஆயின், உயரம் கூடக்கூட ஊர்தியின் ஈர்ப்பு மையமும் மேலே செல்கிறது. வளைவில் விரைந்து திரும்பினால் கவிழும் ஆபத்து மிகுகிறது. எனவே, உயரமான ஊர்தியை வளைவுகளில் மெதுவாகவே செலுத்துதல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
ஊர்தி – வாகனம்
அச்சு – சக்கரங்களை இணைக்கும் தண்டு
இடர் – துன்பம்

பயிற்சி
1. தரை இடைவெளி என்றால் என்ன?
2. தார், ஜிம்னி ஆகியவற்றின் முன்சக்கர அமைப்பை ஒப்பிடுக.
3. உயரமான ஊர்தி வளைவில் கவிழக்கூடுவது ஏன்?
4. பிரித்து எழுதுக: இவ்வெண்கள்.