பொம்மை டாங்கிக்கு வயதாகட்டும்... உங்களுக்கு வேண்டாம்!

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டி தூங்கிக் கொண்டிருக்கிறதா? உள்ளே பாதி ஒட்டிய விமானம், சக்கரம் கழன்ற டாங்கி, காய்ந்து கல்லாகிப்போன பெயின்ட் டப்பா?

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பள்ளிக்கூடம் போன பையன்களில் சிலருக்கு இந்தப் பித்து இருந்தது. இங்கிலாந்து ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல் பெட்டி ஒன்று வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவின் பெட்டியில் வந்து சேர்ந்தால் போதும். தீபாவளி இரண்டு தடவை வந்த மாதிரி. பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள். இப்போது பிள்ளைகள் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விட்டார்கள். சாயங்காலம் நீளமாக இருக்கிறது. பழைய பித்து மெல்லத் தலைதூக்குகிறது.

தாராளமாகத் திரும்பி வாருங்கள். டி.வி. முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட விரலுக்கும் கண்ணுக்கும் மனசுக்கும் வேலை தருகிற பொழுதுபோக்கு எவ்வளவோ மேல். ஆனால் ஒன்று. நீங்கள் விட்டுப்போனபோது உங்களுக்குப் பதினைந்து வயது. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அன்று இல்லாத சாப்பாட்டுக் கண்ணாடி, சர்க்கரை, பிளட் பிரஷர் எல்லாம் கூடவே உட்கார்ந்து மாடல் செய்யப் போகின்றன. அதனால் வேலையையும் ஜாக்கிரதையையும் சேர்த்தே படிப்போம்.

வெதரிங் என்றால் என்ன?

பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டி, பச்சை பெயின்ட் அடித்தால் பளபளவென்று பொம்மை மாதிரிதான் இருக்கும். நிஜ டாங்கி அப்படி இருக்காது. வெயிலில் வெளுத்து, மழையில் துருவேறி, சேறு அப்பி, ஆட்கள் ஏறி இறங்கிய இடத்தில் பெயின்ட் தேய்ந்து இருக்கும். அந்த வயதை மாடலுக்குக் கொடுக்கும் கலைக்குத்தான் வெதரிங் என்று பெயர்.

எந்த அழுக்கு என்பதைச் சரித்திரம்தான் சொல்லவேண்டும். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் சண்டையில் நம் படையினர் வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கின. அந்த டாங்கி மாடலுக்கு ஈரச் சேறு வேண்டும். 1971 டிசம்பரில் ராஜஸ்தான் லோங்கேவாலாவில் நடந்தது பாலைவனச் சண்டை. அங்கே சேறு பூசினால் பார்ப்பவர் சிரிப்பார். வெளிர் மஞ்சள் புழுதிதான் சரி. நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வெளிவரத் தொடங்கிய விஜயந்தா டாங்கியைச் செய்கிறீர்கள் என்றால், அது பஞ்சாப் வயலில் நிற்கிறதா, மணலில் நிற்கிறதா என்று முதலில் தீர்மானம் செய்யுங்கள்.

பாடம் படிக்க ராணுவ முகாமுக்குப் போகவேண்டாம். தொப்பூர் கணவாய் ஏறி வரும் லாரியைப் பாருங்கள். புகைக்குழாய்க்குப் பின்னால் கரி, சக்கரத்துக்கு மேலே சேறு, ஓட்டுநர் கால் வைத்து ஏறும் படியில் பெயின்ட் போய் இரும்பு மின்னும். தர்மபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகல் வீரனைப் பாருங்கள். துருத்தி நிற்கும் இடம் மழுங்கியிருக்கும். பள்ளத்தில் அழுக்குத் தங்கியிருக்கும். மேடு தேயும், பள்ளம் கறுக்கும். வெதரிங்கின் மொத்த இலக்கணமும் இதுதான்.

முதலில் அறையைச் சரி பண்ணுங்கள்

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தலைவலி என்று என்னிடம் வந்தார். ஒற்றைத் தலைவலியோ, பித்தமோ என்று அவருக்குச் சந்தேகம். பிளட் பிரஷர் சரியாக இருந்தது. கூட வந்த அம்மாதான் போட்டு உடைத்தார்: "மூணு வாரமா ராத்திரி ரூம் கதவைச் சாத்திக்கிட்டு டாங்கிக்கு பெயின்ட் அடிக்கிறாருங்க டாக்டர். உள்ள போனா எனக்கே மயக்கம் வருது." அவரோ, "எனக்கு ஒரு வாசனையும் தெரியலியே சார்" என்றார். அதுதான் விஷயம்! தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துப் போகும். வாசனை தெரியவில்லை என்பதால் ஆவி இல்லை என்று அர்த்தமில்லை. மருந்துக்கு முன்னால் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். பகலில், காற்றோட்டத்தில் வேலை செய்யத் தொடங்கியதும் தலைவலி விட்டது.

தின்னர், டர்பென்டைன், பிளாஸ்டிக் ஒட்டும் சிமென்ட் எல்லாமே ஆவியாகும் சரக்குகள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கண் எரிச்சல் வரும். ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். கர்ப்பிணிப் பெண்ணும் குழந்தையும் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். சீலிங் ஃபேன் ஆவியைச் சுற்றிச் சுற்றி அடிக்குமே தவிர வெளியேற்றாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சின்ன மேஜை ஃபேனை வெளியே பார்த்துத் திருப்பி வையுங்கள்.

கொரோனா காலத்து மாஸ்க் வீட்டில் மீதம் இருக்கிறதே, போதாதா என்பீர்கள். என்-95 மாஸ்க் தூசியைத் தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள தனி முகமூடி வேண்டும். இந்தச் சரக்குகள் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் சமையலறையும் பூஜை அறையும் கூடாது.

பரணிலிருந்து இறங்கிய பழைய பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்ட் பலவற்றில் ஈயம் உண்டு. வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புதிதாக வாங்கும்போது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வகையை வாங்குங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

பாடம் 1: உப்பு

உப்பைக் குறை என்று சொல்கிற டாக்டரே உப்பு வாங்கச் சொல்கிறாரே என்று பார்க்காதீர்கள்! மாடலுக்கு முதலில் துருநிற அக்ரிலிக் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். பெயின்ட் உரியவேண்டிய ஓரங்களைத் தண்ணீரால் நனைத்துத் தூள் உப்பைத் தூவுங்கள். அது காய்ந்து ஒட்டிக்கொண்டதும் மேலே ராணுவப் பச்சையை ஸ்பிரே செய்யுங்கள். தூரிகையால் இழுத்தால் உப்பு உதிர்ந்துவிடும். காய்ந்தபின் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து மெதுவாகத் தேய்த்தால் உப்பு கழன்று, அடியிலிருக்கும் துரு எட்டிப் பார்க்கும்.

ஸ்பிரே வேலையை மொட்டை மாடியில், முதுகுப் பக்கம் காற்று வரும்படி நின்று செய்யுங்கள். நுண்துளி நுரையீரலுக்குள் போகும் என்பதால் மாடியிலும் முகமூடி அவசியம்.

பாடம் 2: கறுப்புக் கழுவல்

பள்ளம் கறுக்கவேண்டும் என்றோமே, அதற்கு இது. பச்சை அக்ரிலிக்கின் மேல் ஒரு கை பளபள வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். பிறகு கரும்பழுப்பு ஆயில் பெயின்ட்டை டர்பென்டைனில் நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, போல்ட், மூடி, இணைப்புகளின் ஓரத்தில் மெல்லிய தூரிகையால் தொடுங்கள். கலவை தானே ஓடிப் பள்ளத்தில் நிற்கும். வழிந்ததைத் துடைத்துவிடலாம். அடியில் இருப்பது தண்ணீரில் கரையும் வகை, மேலே போவது எண்ணெய் வகை. ஒன்று மற்றதை எளிதில் கரைக்காது. அதனால்தான் அடிப்பூச்சு கெடாமல் தப்புகிறது.

ஆயில் பெயின்ட் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் ஊறிய துணி தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்து வெளியே காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கடிகார முகப்புக்கு ரேடியம் பூசிய இளம் பெண்கள் இப்படித்தான் செய்தார்கள். பலருக்குத் தாடை எலும்பே அழுகியது, உயிரும் போனது. நம் டப்பாவில் ரேடியம் இல்லைதான். ஆனால் நிறமிகளில் கேட்மியம், குரோமியம் கலந்த வகைகள் உண்டு.

பாடம் 3: துரு

துரு சித்த வைத்தியனுக்குப் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காவிக்கல்லின் சிவப்பு, இரும்பு ஆக்சைடின் சிவப்பு. துருவும் அதே இனம். காவியை மையாக அரைத்துத் துளி தண்ணீரும் துளி பெவிகாலும் சேர்த்து, உப்பு உரிந்த இடத்திலிருந்து கீழ்நோக்கி மெல்லிய கோடாக இழுங்கள். மழைநீர் வழியும் திசையில்தான் துருவும் வழியும். தேய்ந்த இரும்பின் மினுக்குக்குக் காசு செலவே இல்லை. பென்சில் முனையை ஓரங்களில் தேய்த்தால் போதும்.

அதே கடையில் இன்னும் பளிச்சென்று சிவப்பும் மஞ்சளும் கண்ணில் படும். ஈயச் செந்தூரம், சாதிலிங்கம், தாளகம் - முதலாவது ஈயம், அடுத்தது பாதரசம், மூன்றாவது ஆர்சனிக். கல்லூரியில் சுத்தி முறை படித்தவர்கள் மருந்துக்காகக் கையாள வேண்டிய சரக்குகள் இவை. பொம்மைக்கு நிறம் என்று இவற்றை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். கொலு பொம்மைக்கு மறுவர்ணம் தீட்டும் அம்மாக்களுக்கும் இதே வார்த்தைதான்.

பாடம் 4: மண்ணும் தூசியும்

பெரும்பாலான டாங்கி மாடல்கள் 1:35 அளவு. ஐந்தே முக்கால் அடி சிப்பாய் ஐந்து சென்டிமீட்டர்தான் இருப்பான். 1965 போரில் நம் பக்கம் நின்ற செஞ்சூரியன் டாங்கி, பீரங்கிக் குழாய் நீங்கலாக, ஒரு சாண். அந்தக் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் மணல் மூன்றரை சென்டிமீட்டர் ஜல்லிக் கல் ஆகிவிடும்! ஆகவே தோட்டத்து மண்ணை மெல்லிய துணியில் சலித்து வண்டலை மட்டும் எடுக்கவேண்டும்.

இங்கேதான் எச்சரிக்கை. நம் மாவட்டத்தில் கிரானைட் தூளுக்குப் பஞ்சமில்லை. இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். அதிலுள்ள சிலிக்கா நுண்தூள் நுரையீரலில் படிந்து தழும்பாக்கும் நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். கல் அறுக்கும் தொழிலாளிகளை வாட்டுவது. வந்த தழும்பு போகாது. மண்ணிலும் சிலிக்கா உண்டு. ஆகவே சலிக்கும்போது வெளியே நின்று என்-95 போடுங்கள். மாடலில் உலர்ந்த தூளாகத் தூவாமல் குழைத்துப் பூசுங்கள். பிளாஸ்டிக்கையும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். கடைசியில் மங்கல் வார்னிஷ் ஒரு கை. முடிந்தது.

கண், கழுத்து, கால்

நாற்பதுக்கு மேல் கிட்டப் பொருள் மங்குவது இயற்கை. கண்ணாடி வாங்கும்போது எத்தனை தூரத்தில் வைத்து வேலை செய்கிறீர்கள் என்று அளந்து டாக்டரிடம் சொல்லுங்கள். பேப்பர் படிக்கும் தூரம் வேறு, டாங்கியின் போல்ட்டுக்கு மை வைக்கும் தூரம் வேறு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலைநிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே தூரத்து மரத்தைப் பாருங்கள். மாடலை மார்பு உயரத்துக்கு ஏற்றி வைத்தால் கழுத்து தப்பிக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து செய்யவேண்டாம். வெட்டிப் போட்ட பிளாஸ்டிக் துணுக்கும் பிளேடு முனையும் மரத்த பாதத்தில் ஏறினால் தெரியாது. தெரியும்போது புண் பெரிதாகியிருக்கும். மேஜை, நாற்காலி, காலில் மூடிய செருப்பு. வேலை முடிந்ததும் உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள்.

அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது சித்த மருத்துவம். பசி, தாகம், சிறுநீர், தூக்கம், இளைப்பு எல்லாம் அதில் அடக்கம். மாடல்காரர் எல்லாவற்றையும் அடக்குவார். "இந்தச் சக்கரத்தை முடிச்சிட்டு வர்றேன்" என்றே மணி பன்னிரண்டாகும். பெயின்ட் காயத்தான் எப்படியும் நேரம் வேண்டுமே, அந்த நேரத்தில் எழுந்து நடந்து, தண்ணீர் குடித்து, நேரத்தோடு படுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்...

* கண்ணில் தின்னர் தெறித்தால் விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர் எதுவும் வேண்டாம். சுத்தமான குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவி, உடனே கண் டாக்டரிடம் போங்கள்.

* உடனடிப் பசையில் விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரியுங்கள். இமை ஒட்டினால் டாக்டர்தான்.

* பிளேடு வெட்டினால் காபித்தூள், மஞ்சள்தூள் அப்பாதீர்கள். கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஆழமென்றால் தையல், டி.டி. ஊசி.

* குழந்தை டர்பென்டைனைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உப்புக்கரைசல், புளிக்கரைசல் எதுவும் தராதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால்தான் பேராபத்து. 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசிச் சமாச்சாரம் நடக்காமலிருக்க வழி சுலபம். மீந்த தின்னரை கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வந்த டப்பாவிலேயே, பூட்டுப் போட்ட அலமாரியில் வையுங்கள். லீவுக்கு வரும் பேரன் தாகத்தில் எந்த பாட்டிலைத் திறப்பான் என்று யார் கண்டது? அவனை பெயின்ட் காய்ந்த பிறகு கூப்பிடுங்கள். சேறு எங்கே, துரு எங்கே, ஏன் அங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுங்கள். மிச்சக் கதையை அவனே கேட்பான்.