அடிமண்ணையும் பார்

அன்புள்ள இனியா,

உன் கடிதம் வந்தது. பள்ளி அறிவியல் மன்றத்தில் நொய்யல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து பி.எச். பார்த்தீர்கள், டி.டி.எஸ். மீட்டரையும் விட்டுப் பார்த்தீர்கள், மழைக்குப் பிறகு என்பதால் எண்கள் பரவாயில்லை என்றே வந்தன. "அப்படியானால் ஆறு பிழைத்துக்கொண்டதா அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பாட்டிலால் இதற்குப் பதில் சொல்ல முடியாது, கண்ணு. நீங்கள் பிடித்தது அன்று காலை அந்த இடத்தைக் கடந்துபோன தண்ணீர். முந்தின இரவு என்ன போனது என்பது அதில் இல்லை. சென்ற இருபது ஆண்டுகளில் என்னென்ன போயின என்பது அறவே இல்லை. அது தெரிய வேண்டுமானால் ஆற்றின் அடிமண்ணைக் கிளற வேண்டும். அங்கே எந்த உயிர்கள் இருக்கின்றன, இருக்க வேண்டியவற்றில் எவை இல்லை என்று பார்க்க வேண்டும்.

ஆற்றில் விடப்படும் வேதிப்பொருள்களில் பல நீரோடு போய்விடுவதில்லை. டி.டி.டி., பி.சி.பி. போன்றவை நீரில் எளிதில் கரையாது. களிமண் துகளோ மட்கிய இலைத்துகளோ கிடைத்தால் அதைப் பற்றிக்கொள்ளும். ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களிலும் பெரும்பங்கு இப்படித் துகளோடு ஒட்டிக்கொள்கிறது. ஓட்டம் மெதுவாகும் இடத்தில், தடுப்பணைக்குப் பின்னாலும் குளத்துக்குள்ளும், அந்தத் துகள்கள் படிகின்றன. மேலே தண்ணீர் தெளிந்துவரும்போதே கீழே சேறு நஞ்சேறிக்கொண்டிருக்கலாம்.

அந்தச் சேற்றில் குடியிருப்பவர்களை உனக்கு அறிமுகம் செய்கிறேன். வண்ணமீன் கடையில் மீன் தீனியாகச் சிவப்பு நூல்கட்டு மாதிரி விற்பார்களே, டியூபிஃபெக்ஸ் புழு, அது இவர்களில் ஒன்று. தலையைச் சேற்றுக்குள் புதைத்து, வாலை மேலே நீட்டி ஆட்டிக்கொண்டே இருக்கும். உயிர்வளியை வால் வழியாக எடுத்துக்கொள்ளும். சில சென்டிமீட்டர் ஆழத்துச் சேற்றைத் தின்று மேற்பரப்பில் கழிவாக விடுவதால், ஏர் உழுவதுபோல அடிமண் மேலும் கீழுமாகப் புரள்கிறது. பழைய நஞ்சு ஆழத்தில் புதைந்துவிட்டது என்று நாம் நினைத்திருக்க, இந்தப் புழு அதை மறுபடி மேலே கொண்டுவந்து போடும்.

இன்னொன்று ரத்தப்புழு. கொசுவைப் போலவே தோன்றும், ஆனால் கடிக்காத கைரோனமஸ் என்ற பூச்சியின் இளம்பருவம் அது. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு. அதனால்தான் அந்தச் சிவப்பு. அதனால்தான் உயிர்வளி குறைந்த சேற்றிலும் அந்தப் புழுவால் வாழ முடிகிறது. பட்டிழையால் ஒரு குழாய் கட்டி அதற்குள் இருக்கும். இந்தப் புழுவின் வாயருகே பல் வரிசை போன்ற ஒரு தகடு உண்டு. நஞ்சேறிய சேற்றில் வளரும் புழுக்களில் அந்தப் பற்கள் சில இல்லாமல் போகும், சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சில இடங்களில் கூடுதலாக முளைக்கும். புழு சாகவில்லை, தின்கிறது, நெளிகிறது. ஆனால் அது எப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்தது என்பது அதன் வாயிலேயே பதிந்திருக்கிறது. உங்கள் பள்ளி நுண்ணோக்கியிலேயே இதைப் பார்க்கலாம். ஆற்றின் நிலையைச் சொல்ல இதைவிட நேரான சாட்சி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவை இரண்டும் தாக்குப்பிடிப்பவை. மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம் அப்படியல்ல. வயிற்றின் இருபுறமும் மெல்லிய செவுள் தகடுகளோடு கல்லடியில் வாழும், நீர் கெட்டால் முதலில் போகும். ஆற்றுமட்டியும் எளிதில் பாதிக்கப்படும் உயிர்தான். அதன் குஞ்சு சிறிது காலமாவது ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வளர்ந்தாக வேண்டும். மீன் போனால் மட்டிக்கு அடுத்த தலைமுறை இல்லை. சாக்கடையிலிருந்து வரும் அம்மோனியாவையும் இளம் மட்டியால் தாங்க முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2013-இல் அம்மோனியா வரம்பை இறுக்கியதற்கு மட்டி பற்றிய ஆய்வுகளே முக்கியக் காரணம். நம்மூர் அயிரை, ஆரால், கெளுத்தி எல்லாம் அடிமண்ணை ஒட்டியே மேயும் மீன்கள். சேற்றில் இருப்பது அவற்றின் வயிற்றுக்குப் போகும், பிறகு நம் குழம்புக்கும் வரும்.

இப்போது நொய்யலுக்கு வருகிறேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் ஆறு. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அங்கே தேங்கியது திருப்பூரின் சாயக்கழிவு. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாட்டைச் செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது.

சாயக்கழிவு என்றதும் எல்லோரும் நிறத்தைத்தான் நினைக்கிறார்கள். நொய்யலுக்குப் பெரிய கேடு செய்தது உப்பு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் ஏராளமாகச் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ போட வேண்டும். சாயத்தில் பெரும்பங்கு துணியில் பிடித்துக்கொள்ளும். உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியே வரும். நாம் சோற்றில் போட்டுத் தின்கிற உப்பு எப்படி விஷமாகும் என்று கேட்பார்கள். நன்னீர்ப் பிராணியின் உடல், சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பானது. அதனால் தண்ணீர் ஓயாமல் உடலுக்குள் புகுந்துகொண்டிருக்கும். அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டும், இழந்த உப்பைச் செவுள் வழியாக வெளியிலிருந்து பிடித்துக்கொண்டும்தான் அது உயிர்வாழ்கிறது. வெளித்தண்ணீரில் உப்பு ஏற ஏற அந்தக் கணக்கு குலைகிறது. ஓர் எல்லைக்கு மேல் உடலின் தண்ணீர் வெளியே போகத் தொடங்கும். ஆற்றுக்குள் இருந்தபடியே அந்த உயிர் வறண்டு சாகும்.

உன் டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது நீரில் கரைந்த உப்புகளின் அளவைத்தான்; அதனால் அதற்கு இது முக்கியம். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அது மனிதருக்கு வகுத்தது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலை ஓடைகளில் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து உப்பு இறங்கியபோது, ஓடைப் பூச்சிகளை வைத்தே 2011-இல் ஓர் அளவு வகுத்தார்கள்: மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமென்ஸ். உன் மீட்டரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஒட்டித்தான் வரும். அந்த ஓடைகளின் உப்புக் கலவைக்கு உரிய அளவு அது; நொய்யலுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் 'பரவாயில்லை' என்று நீ எழுதிய எண், யாருக்குப் பரவாயில்லை என்று கேட்டுப் பார்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாயங்களில் பெரும் வகை அசோ சாயங்கள். உயிர்வளி இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் அவற்றை உடைக்கும்போது நிறம் மறைந்துவிடும். மிச்சமாவது அரோமாட்டிக் அமீன்கள். நிறமற்றவை, அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. நிறம் போனதை வைத்து நஞ்சு போனதாக முடிவு கட்டிவிடாதே.

உலகம் திரும்பிப் பார்த்த ஆற்று விபத்து ஒன்றுண்டு. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைக்கப் பாய்ச்சிய தண்ணீர், பூச்சிக்கொல்லிகளை வாரிக்கொண்டு ரைன் ஆற்றில் இறங்கியது. கூடவே கலந்த சாயத்தால் ஆறு சிவந்தது. சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்தன. ஒன்றரை லட்சம் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். விலாங்கு ஆற்றடியிலேயே கிடக்கும் மீன். ரைன் நாடுகள் மறு ஆண்டே கூடி, 2000-க்குள் சால்மன் மீனை ஆற்றுக்குத் திரும்பக் கொண்டுவருவோம் என்று செயல்திட்டம் வகுத்தன. சிவந்த ஆறும் செத்த மீனும் கண்ணில் பட்டதால் அரசுகள் அசைந்தன. மெதுவாக நடக்கும் கேட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் இருக்கின்றன. 260 என்று எண்ணிட்ட ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் சேர்க்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கலந்தார்கள். லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம்தான். மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கவில்லை. ஆனால் ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கான புரதம் ஊறத் தொடங்கியது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீன் இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றே போனது. கேரன் கிட் தலைமையிலான குழு 2007-இல் இதை வெளியிட்டது. நான்கு நாளில் பாதி மீன் சாகும் அளவு எது என்று மட்டும் பார்க்கும் சோதனை, இந்த அழிவைக் காட்டியே இருக்காது. ரத்தப்புழுவைச் சேற்றோடு சேர்த்து வைத்து, அது பூச்சியாகிப் பறக்கிறதா என்று 28 நாள் பார்க்கும் சோதனை முறையும் உலகில் இருக்கிறது. எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

பாதரசத்தை ஒரு வரியில் சொல்லி விடுகிறேன்: உயிர்வளியற்ற சேற்றின் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன, அது புழுவிலிருந்து சிறுமீனுக்கும் சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செறிவு கூடிக்கொண்டே போகும். பாதரசம் பயன்படுத்திய கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்ட பிறகும் கவலை தீராததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த முறை போகும்போது பாட்டிலோடு அரை மில்லிமீட்டர் கண் சல்லடை ஒன்று, வெள்ளைத் தட்டு ஒன்று, ரப்பர் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ் எடுத்துப் போங்கள். ஆசிரியர் கூட இருக்க வேண்டும். வெறுங்காலோடு இறங்கவே கூடாது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஒரு சல்லடை மண், திருப்பூருக்குக் கீழே ஒரு சல்லடை மண். அலசித் தட்டில் கொட்டி, கண்டதை எல்லாம் எண்ணி எழுதுங்கள். நல்ல நீர் தேவைப்படும் உயிருக்குக் கூடுதல் மதிப்பெண் தரும், பிரிட்டனில் வழங்கிய முறையில் மேஃப்ளைக் குடும்பங்கள் சிலவற்றுக்குப் பத்து, ரத்தப்புழுவுக்கு இரண்டு, டியூபிஃபெக்ஸ் இனத்துக்கு ஒன்று. உயிர்களை வைத்து நீர்த்தரம் சொல்லும் முறையை நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வகுத்திருக்கிறது. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உன் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

கடைசியாக உன் அப்பாவுக்கு ஒரு செய்தி. ஏரி குளத்து வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ள 2017-இல் அரசு அனுமதித்தது. மழைநீர் மட்டும் வரும் குளத்துக்கு அது அருமையான ஏற்பாடு. நம் முன்னோர் செய்துவந்ததுதான். ஆனால் சாயப்பட்டறை, முலாம்பட்டறைக் கழிவு வந்த குளத்தின் சேறு வேறு. காற்றுப் படாத கருஞ்சேற்றில் காட்மியம், துத்தநாகம், ஈயம் போன்றவை கந்தகத்தோடு பிணைந்து ஓரளவு அடங்கிக் கிடக்கும். அள்ளிக் கரையில் கொட்டியதும் காற்றுப் பட்டுப் பிணைப்பு அவிழும். அடுத்த மழையில் உலோகம் கரைந்து கிளம்பும், வயலுக்கும் கிணற்றுக்கும் போகும். அண்ணன் இந்தக் கோடையில் தோட்டத்துக்கு வண்டல் அடிக்கப் போவதாகச் சொன்னார். எந்தக் குளத்து மண், அதில் உலோகப் பரிசோதனை செய்தார்களா, அறிக்கை எங்கே என்று கிராம சபையில் எழுந்து கேட்கச் சொல். அறிக்கை கையில் வரும்வரை ஒரு லோடுகூட இறக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை